பனிக்கடலோர ஊருக்குக் கல் கொட்டினால் போதாதா?

கருப்பூர் சிவில் எழுதியது:

வணக்கம். சேலத்தில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், என் கைக்கு வந்தது "குளிர்ப் பிரதேசக் கடலோர ஊர்களைப் புயல் அரிப்பிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காத்தல்". பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு மேட்டூர் அணை. என் நேரம். நான் பார்த்த அதிகபட்சக் குளிர் மார்கழி மாத ஏற்காடு, அதுவும் பகோடா பாயிண்டில் ஸ்வெட்டர் இல்லாமல் நின்று நடுங்கிவிட்டு மிளகாய் பஜ்ஜி தின்று இறங்கியதோடு சரி. கடல் என்றால் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த புதுச்சேரி.

இதுவரை படித்ததில், அலாஸ்காவில் ஷிஷ்மரெஃப், கிவலினா என்று சின்னச் சின்ன ஊர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போகின்றன என்பது வரை புரிந்தது. புரியாதது மூன்று. புதுச்சேரியில் கரை நெடுக பெரிய பெரிய கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அதையே அங்கேயும் செய்தால் என்ன, அமெரிக்காவிடம் இல்லாத பணமா? இரண்டாவது, அங்கே மண்ணே பாறை மாதிரி உறைந்து கிடக்கிறது என்கிறார்கள், அப்படியென்றால் நம்மூர் மணற்கரையைவிட அது கெட்டியாக நிற்க வேண்டாமா, ஏன் இவ்வளவு வேகமாக அரிக்கிறது? மூன்றாவது, வெள்ளம் எப்படி வருகிறது, கடல் தினமும் ஏறி இறங்குகிறதே, அந்த ஓதம் ஏறுவதாலா?

சார் கட்டாயம் "சுவர் கட்டினால் போதாதா" என்று கேட்பார். பத்து நிமிடம்தான் பேச வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எட்மண்டன் சேலத்தான் எழுதியது:

தம்பி, நான் செவ்வாய்ப்பேட்டைதான். கனடா வந்து பதினோரு வருடம் ஆகிறது, அதில் ஆறு வருடம் வடக்கே போய் மண்ணைத் துளைபோட்டு எடுத்துச் சோதிக்கிற வேலை. உன் இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது விளங்கினால் மற்ற இரண்டும் தானாக விளங்கும்.

சின்ன வயதில் ஐஸ் டிப்போவில் பாளம் பாளமாக ஐஸ் வாங்கி, உமியைக் கொட்டி, சாக்கைப் போட்டு மூடி, சைக்கிளில் வைத்துக் கொண்டுபோவார்கள், பார்த்திருக்கிறாயா? உன் வயதுக்குப் பார்த்திருக்க மாட்டாய், அப்பாவைக் கேள். உமி இருக்கிறவரை சேலத்து வெயிலில்கூட அந்தப் பாளம் சாயங்காலம் வரை தாங்கும். உமியைத் தள்ளிவிட்டு ஒரு மூலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பார், அந்த மூலை கண்ணெதிரே குழிந்துவிடும். பெர்மாஃப்ராஸ்ட் என்கிற உறைமண் அப்படித்தான். மேலே பாசியும் புல்லும் மூடிய மெல்லிய மண், அதுதான் உமி. கீழே வருடக்கணக்கில், பல இடங்களில் ஆயிரக்கணக்கான வருடங்களாக, உறைந்து கிடக்கிற மண். மண் என்று பேருக்குச் சொல்கிறோமே தவிர, சில கரைகளில் கன அளவில் பாதிக்கு மேல் வெறும் பனிக்கட்டிதான். உறைந்திருக்கிறவரை கான்கிரீட் மாதிரி. உருகிவிட்டால் நின்று தாங்க அதில் ஒன்றும் மிச்சமில்லை, சேறாக வழிந்துவிடும்.

நம்மூர் மணற்கரையை அலை அரிக்கும், அப்புறம் அமைதியான பருவத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து போடும். உறைமண் கரைக்குத் திரும்பி வருவது என்பதே கிடையாது. அலை வந்து கரையின் அடியில் குடைகிறது, உப்புத் தண்ணீரின் சூடு (சூடு என்றால் ஐந்து டிகிரிதான், ஆனால் பனிக்கட்டிக்கு அதுவே வெந்நீர்) உள்ளே போய் உருக்குகிறது, அடியில் ஆள் படுத்துப் போகிற அளவுக்கு ஒரு குகை விழுகிறது, மேலே மண்ணுக்குள் ஆப்பு அடித்த மாதிரி இறங்கியிருக்கிற பனிக்கட்டிக் கோடு வழியாகப் பிளந்துகொண்டு ஒரு வீட்டளவு கட்டி ஒரே துண்டாகக் கடலில் சாய்கிறது. கனடாவின் மெக்கன்சி கழிமுகத்தருகே பெல்லி தீவு என்று ஒன்று உண்டு, அதன் சில பக்கங்களில் ஒரே வருடத்தில் 40 மீட்டர் வரை போயிருக்கிறது. அந்தத் தீவில் ஆளில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது "அந்தக் காலத்தில் ஏன் இப்படி இல்லை" என்று நீ கேட்கவில்லை, ஆனால் உன் சார் கேட்பார். அந்த ஊர்களுக்குச் சுவர் இருந்தது தம்பி. கடல் பனிதான் சுவர். பெரிய புயல்கள் அக்டோபர், நவம்பரில்தான் வரும், அதற்குள் கரையோரம் பனி பிடித்துவிடும், அலை அந்தப் பனியின் மேல் ஏறிச் செத்துப்போகும். இப்போது பனி பிடிப்பது தள்ளிப்போய்விட்டது, புயல் அதே மாதத்தில்தான் வருகிறது. அதோடு பனி விளிம்பு வடக்கே எட்டப் போய்விட்டதால் காற்றுக்குத் திறந்த கடல் நிறையக் கிடைக்கிறது; காற்று எவ்வளவு தூரம் தண்ணீரின் மேல் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். 1980களில் கோடை முடிவில் ஆர்க்டிக் கடல் பனி ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர் மிஞ்சும். 2012 செப்டம்பரில் 34 லட்சம்தான் மிஞ்சியது. உன் ஸ்லைடில் முதல் படமாக இதைப் போடு, சுவர் கதை பிறகு வரட்டும்.

வெள்ளம் ஓதத்தால் அல்ல. ஷிஷ்மரெஃபும் கிவலினாவும் இருக்கிற சுக்சி கடலில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறாது. கடல் ஆழமில்லாதது, வடக்கு பெரிங் கடலும் அப்படித்தான், புயல் காற்று தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளிக் குவிக்கிறது, குவிந்த தண்ணீர் போக இடமில்லாமல் ஊருக்குள் ஏறுகிறது. 1964இல் தனுஷ்கோடிக்கு வந்தது என்ன, அதேதான்.

---

ஓமலூர் ஜல்லி எழுதியது:

கல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். இருபது வருடமாகக் குவாரித் தொழில். கடலைப் பற்றி எனக்குத் தெரியாது, கல்லைப் பற்றித் தெரியும்.

தம்பி "கருங்கல் கொட்டினால்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாய். கொட்டுகிறவனுக்குத்தான் தெரியும் வலி. கடல் சுவருக்குப் போகிற கல் நம் ஜல்லி, சக்கை கிடையாது. ஒவ்வொன்றும் டன் கணக்கு. எங்களிடம் ஒருமுறை துறைமுக வேலைக்கு ஆர்டர் கேட்டு ஓர் இன்ஜினியர் வந்தார், அவர் சொன்ன கணக்கு இன்னும் மறக்கவில்லை: அலை உயரம் இரண்டு மடங்கானால் கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும். அதாவது ஒரு மீட்டர் அலைக்கு நிற்கிற கல்லைப் போட்டுவிட்டு, பனி குறைந்ததால் இரண்டு மீட்டர் அலை வருகிறது என்றால் அந்தச் சுவரே செல்லாக்காசு, எட்டு மடங்கு கனமான கல்லைப் புதிதாகக் கொண்டுவர வேண்டும். எட்மண்டன்காரர் எழுதிய பனிக் கணக்கையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டாவது, எல்லாக் கல்லும் குளிருக்கு ஆகாது. உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் அதில் தண்ணீர் இறங்கி, உறைந்து விரிந்து, கல்லைப் பிளந்துவிடும். வெடி அதிகமாகப் போட்டு உடைத்த கல்லில் இந்த விரிசல் நிறைய இருக்கும். நம்மூரில் இதை யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை.

மூன்றாவது, அந்த ஊரைச் சுற்றிக் கல் இருக்கிறதா? எனக்குச் சேர்வராயன் மலை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, லாரியை எடுத்தால் அரை மணி. அங்கே?

---

எட்மண்டன் சேலத்தான் எழுதியது:

அண்ணா, நீங்கள் கேட்டதுதான் விஷயமே. ஷிஷ்மரெஃப் ஒரு மணல் தீவு, தோண்டினால் மணலும் பனியும்தான். மேற்கு அலாஸ்கா ஊர்களுக்குப் பெரிய கல் பெரும்பாலும் நோம் என்கிற ஊருக்குப் பக்கத்தில் உள்ள கேப் நோம் குவாரியிலிருந்து போகிறது. பார்ஜ் என்கிற தட்டைச் சரக்குப் படகில் ஏற்றி, பெரிங் நீரிணை வழியாகக் கொண்டுவர வேண்டும். கடல் திறந்திருப்பது கோடையில் சில மாதங்கள். அந்த ஊர்களுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. கிரேன், ஆள், டீசல், சாப்பாடு எல்லாம் அதே பார்ஜ், அதே சில மாதங்கள். ஒரு பார்ஜ் தவறினால் ஒரு வருடம் போச்சு.

அதனால்தான் முதலில் மலிவான வழிகளை எல்லாம் செய்து பார்த்தார்கள். மணல் மூட்டை, கம்பிவலைக் கல்கூடை எல்லாம் போட்டார்கள். கிவலினாவில் 2006இல் பெரிய கூடைகளில் மணல் நிரப்பிச் சுவர் எழுப்பினார்கள், அதே வருடம் இலையுதிர் காலப் புயலில் மணலை அலை உருவி எடுத்துக்கொண்டுபோனது. அப்புறம்தான் ராணுவப் பொறியாளர் பிரிவு வந்து கல் போட்டது. ஷிஷ்மரெஃபிலும் 2000களில் அவர்கள் போட்ட கல் இன்னும் நிற்கிறது.

சார் கேட்டால் இதைச் சொல் தம்பி: உறைமண் மேல் கல்லை நேராக வைக்கக் கூடாது. கீழே உள்ள பனிக்கட்டி உருகினால் கல் தன் எடையில் தானே புதைந்துவிடும். முதலில் நுண்ணிய மண் உருவிப் போகாமல் இருக்க வடிகட்டித் துணி, சில வடிவமைப்புகளில் அதற்கடியில் சூடு இறங்காமல் இருக்க தெர்மாகோல் மாதிரிக் கெட்டி நுரைப் பலகை, அதன்மேல் சின்னக் கல், அதன்மேல் பெரிய கல். குளிர் காலத்தில் கடல் பனியே கரைமேல் ஏறிவந்து முட்டித் தள்ளும், அந்த ஊர் மக்களின் இனுபியாக் மொழியில் அதற்கு இவு என்று பெயர். அதையும் சுவர் தாங்க வேண்டும். நம்மூர்ச் சுவருக்கு இந்தச் சோதனை கிடையாது.

ஓமலூர் அண்ணாவுக்கு ஒரு துணுக்கு. உங்கள் சேர்வராயன் கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர், கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்கிற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல்லைப் பார்த்து வைத்த பெயர் அது. சம்பந்தமில்லைதான், சும்மா ஞாபகம் வந்தது.

---

ஏற்காடு காப்பித்தோட்டம் எழுதியது:

கம்பிவலைக் கல்கூடையைப் பற்றி ஒரு வார்த்தை. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு ஓரம் இதே கூடைகளை அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் மழையில் பாதை சரிந்து பல நாள் மேலேயே மாட்டிக்கொண்டோம், அப்போது நடந்து போய்ப் பார்த்தேன். கூடை உடைந்து சரியவில்லை, கூடைக்குப் பின்னால் தண்ணீர் புகுந்து மண்ணை எடுத்துக்கொண்டு போயிருந்தது, கூடை அப்படியே காற்றில் தொங்கியது. முன்பக்கம் மட்டும் பார்க்கிறவன் சுவர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வான்.

இன்னொன்று கேட்க வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். 400 பேர், 600 பேர் இருக்கிற ஊருக்கு இத்தனை கோடி கொட்டுவது நியாயமா? எல்லோரையும் வேறு நகரத்தில் குடிவைத்துவிடலாமே? எங்கள் வார்டிலேயே அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம், வடிகாலுக்கு நாயாய் அலைகிறோம்.

---

தரங்கம்பாடி மருமகள் எழுதியது:

அண்ணா, கோபமில்லை, ஆனால் விட முடியவில்லை. நான் பிறந்தது தரங்கம்பாடி, வாக்கப்பட்டது அம்மாப்பேட்டை. எங்கள் ஊர் மாசிலாமணிநாதர் கோயில் 1306இல் கட்டியது, முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது, மீதிக்கு முன்னால் கல் போட்டு வைத்திருக்கிறார்கள். கல் போட்ட இடம் நிற்கும், கல் முடிகிற இடத்தில் அலை திரும்பி அடித்து அடுத்த ஊர் கரையைப் பிடுங்கும். புதுச்சேரியைச் சொன்ன தம்பி இதையும் எழுதிக்கொள்ளட்டும், 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள், வடக்கே போகிற மணல் நின்றது, நீ பார்த்த கல்வரிசை அந்தப் பழைய கடற்கரை காணாமல் போனதன் அடையாளம்தான்.

இப்போது வேறு நகரத்தில் குடிவைப்பது பற்றி. சுனாமிக்கு அப்புறம் எங்கள் பக்கத்தில் கரையிலிருந்து தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். நல்ல வீடுகள்தான். ஆனால் படகும் வலையும் கரையில் கிடக்கிறது, விடிகாலை மூன்று மணிக்குக் காற்றைப் பார்த்துத்தான் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும், அது வீட்டுக்குள் படுத்துக்கொண்டு தெரியாது. என் சித்தப்பா பகலில் புது வீட்டிலும் ராத்திரி கரையிலும் இருந்தார். சீல் வேட்டையும் மீனும் வைத்துச் சாப்பிடுகிற ஜனங்களைக் கொண்டுபோய் ஆங்கரேஜில் ஒரு அபார்ட்மெண்டில் போட்டால் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள், பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பார்கள்?

அதோடு அவர்களாக விரும்பி அந்த மணல் திட்டில் ஊர் வைக்கவில்லை என்பதும் முக்கியம். முன்பு பருவத்துக்குப் பருவம் இடம் மாறிக்கொண்டிருந்தவர்கள். பள்ளிக்கூடம் கட்டி, பிள்ளைகளைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று சொன்ன பிறகுதான் ஒரே இடத்தில் தங்கினார்கள். பள்ளிக்கூடத்தை எங்கே வைத்தார்கள்? கட்டுமானச் சாமானை பார்ஜ் வந்து இறக்க வசதியான இடத்தில்.

போகவே மாட்டோம் என்றும் அவர்கள் சொல்லவில்லை. ஷிஷ்மரெஃபில் 2002இல் இடம்பெயர ஓட்டுப் போட்டார்கள், 2016இல் மறுபடி போட்டார்கள், போகலாம் என்று 89, இருக்கலாம் என்று 78. இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள், ஏனென்றால் ஓட்டுப் போட்டால் போதாது, பணம் தரவும் பொறுப்பேற்கவும் ஓர் ஆள் வேண்டும்.

---

ஏற்காடு காப்பித்தோட்டம் எழுதியது:

சரிம்மா, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வடிகால் எரிச்சலில் எழுதிவிட்டேன்.

---

எட்மண்டன் சேலத்தான் எழுதியது:

அக்கா சொன்னதற்குத் தொடர்ச்சி. "பொறுப்பேற்க ஓர் ஆள்" என்பது சும்மா பேச்சில்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2003இலேயே அலாஸ்காவின் 213 பழங்குடி ஊர்களில் 184 ஊர்களுக்கு வெள்ளமோ அரிப்போ இருக்கிறது என்று அறிக்கை கொடுத்துவிட்டது. ஆனால் ஒரு ஊரை முழுதாகப் பெயர்த்து வைப்பது எந்தத் துறையின் வேலை என்று கேட்டால் எந்தத் துறையின் வேலையும் இல்லை. பேரிடர் நிவாரணம் கேட்டால், புயல் ஒரே நாளில் அடித்தால்தான் பேரிடர், வருடம் இருபது மீட்டராக மெல்லத் தின்றால் அந்தக் கணக்கில் வராது. நியூடாக் என்கிற ஊர் அப்படிக் கேட்டு 2017இல் இல்லை என்று பதில் வாங்கியது.

அந்த நியூடாக்தான் கடைசியில் நகர்ந்தது. நிங்லிக் ஆற்றுக்கு அந்தப் பக்கம், 14 கிலோமீட்டர் தள்ளி, மெர்டார்விக் என்கிற மேட்டு நிலம். நிலத்தை மாற்றிக்கொள்ள 2003இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது, முதல் குடும்பங்கள் போனது 2019 அக்டோபரில், கடைசி ஆட்கள் போனது 2024இல். சுமார் 350 பேருக்கு இருபது வருடம். ஐந்து வருடம் பாதி ஊர் இங்கே, பாதி ஊர் அங்கே. பக்கத்திலேயே போனதால் அதே ஆறு, அதே மீன், அதே யூபிக் மொழிப் பேச்சு. அக்கா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன், ஆனால் விலை அது.

கிவலினா நடுவழி ஒன்றைப் பிடித்தது. ஊர் தீவிலேயே இருக்கிறது, கல் சுவரும் இருக்கிறது, ஆனால் காயலைக் கடந்து உள்நாட்டு மேட்டுக்குச் சுமார் 13 கிலோமீட்டருக்கு ஒரு சாலை போட்டு, பள்ளிக்கூடத்தை மேட்டில் கட்டினார்கள், 2022இல் திறந்தது. புயல் என்றால் ஊரே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம். பின்னாளில் வீடுகளும் ஒவ்வொன்றாக அங்கே போகலாம். எனக்கு இதுதான் இருப்பதில் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

சுவரே பயன்படாத இடமும் இருக்கிறது. 2025 அக்டோபரில் ஹாலோங் சூறாவளியின் மிச்சம் வந்து அலாஸ்காவின் கிப்நுக், க்விகிலிங்கோக் ஊர்களை அடித்தது. அவை கழிமுகச் சமவெளி, கண்ணுக்கெட்டியவரை தட்டையான ஈர நிலம், தண்ணீர் முன்னாலும் வரும், ஆறு வழியாகப் பின்னாலும் வரும், எந்தப் பக்கம் சுவர் வைப்பாய்? வீடுகள் ஆட்களோடு மிதந்து போயின. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை விமானத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. உறைமண் மேல் வீட்டைத் தரையோடு ஒட்டிக் கட்ட முடியாது தம்பி, வீட்டுச் சூடு இறங்கினால் கீழே உருகும், அதனால் காற்று போகத் தூக்கி வைப்பார்கள். தூக்கி மட்டும் வைத்துக் கீழே இறுகப் பிணைக்காவிட்டால், தண்ணீர் ஏறினால் அது வீடில்லை, படகு. அந்த மாதிரி ஊரில் பணத்தைச் சுவருக்குப் போடாமல் தூண் உயரத்துக்கும், பிணைப்புக்கும், எண்ணெய்த் தொட்டிகளைக் கட்டி வைக்கவும், முன்கூட்டியே தண்ணீர் மட்டம் சொல்லும் கருவிகளுக்கும் போட வேண்டும். இது என் சொந்தக் கருத்து.

---

கருப்பூர் சிவில் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஸ்லைடை முழுதாக மாற்றிவிட்டேன். முதலில் கடல் பனிப் படம், அப்புறம் ஐஸ் டிப்போ (அப்பாவைக் கேட்டேன், உமி இல்லை மரத்தூள் என்கிறார், அரை மணி நேரம் கதை சொன்னார்), அப்புறம் கல்லின் எட்டு மடங்குக் கணக்கு. சுவர் எந்த ஊருக்கு, சாலை எந்த ஊருக்கு, நகர்வது எந்த ஊருக்கு என்று மூன்று ஊரை வைத்துப் பேசப்போகிறேன். பத்து நிமிடம் போதாது, சார் மணியடித்தால் அடிக்கட்டும்.

ஏற்காடு அண்ணா, அந்தத் தொங்குகிற கூடையின் போட்டோ இருந்தால் கொடுங்கள், பெயர் போட்டுப் பயன்படுத்துகிறேன். ஓமலூர் அண்ணா, ஒரு டன் கல் பார்ப்பதற்கு எவ்வளவு பெரியது? வகுப்பில் கையால் காட்ட வேண்டும்.

---

ஓமலூர் ஜல்லி எழுதியது:

ஒவ்வொரு பக்கமும் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள், உன் இடுப்புக்கும் கீழேதான். அவ்வளவுதானா என்று நினைப்பாய், நகர்த்திப் பார்த்தால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வா, காட்டுகிறேன். செருப்புப் போட்டுக்கொண்டு வராதே, ஷூ.

---

ஏற்காடு காப்பித்தோட்டம் எழுதியது:

போட்டோ பழைய போனில் இருக்கிறது, சார்ஜர் தேடிக்கொண்டிருக்கிறேன். ராத்திரிக்குள் போடுகிறேன்.